தேர்தல் காலத்தில் நம்பிக்கையைக் கர்த்தர்மேல் வைத்திருப்பது எப்படி

அரசியல் தலைவர் ஒருவரை விரும்புவதும், அவருக்கு வாக்களிப்பதும், அவருடைய திட்டங்களை ஆதரித்துப் பேசுவதும் ஒரு கிறிஸ்தவனுக்குத் தடைசெய்யப்பட்டவை அல்ல. தேவனிடம் மட்டுமே எதிர்பார்க்க வேண்டியதை அந்தத் தலைவரிடம் எதிர்பார்க்கத் தொடங்கும்போதுதான் விசுவாசம் இடம் மாறிவிடுகிறது. இது பெரும்பாலும் நம்மை அறியாமலே நடப்பதால், முதலில் அதைக் கண்டறியப் பழக வேண்டும்.

அதற்கு உங்கள் பயத்தைக் கவனியுங்கள். ஒரு தேர்தல் முடிவு வெளியான இரவில், குடும்ப ஜெபத்துக்காக முழங்காலில் நின்றபோது, என் வலது கையில் கைபேசி இருந்தது. "உம்முடைய ராஜ்யம் வருவதாக" என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தது. அன்று என் நம்பிக்கை எங்கே இருந்தது என்பதை அந்தக் கட்டைவிரல் எனக்குக் காட்டிக்கொடுத்தது. யாருடைய தோல்வி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது, யாரைக் குறைசொன்னால் வேதத்தைப் பழித்ததைப்போல் கோபம் வருகிறது என்று உங்களையே கேட்டுப்பாருங்கள்.

பிறகு, 146ஆம் சங்கீதத்தை ஒரு வாரம் முழுவதும், செய்திகளைப் பார்ப்பதற்கு முன்பே, காலையில் சத்தமாக வாசியுங்கள். "பிரபுக்களையும், இரட்சிக்கத்திராணியில்லாத மனுபுத்திரனையும் நம்பாதேயுங்கள்" என்ற மூன்றாம் வசனம் ஆட்சியாளர்கள் எல்லோரும் தீயவர்கள் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குத் திராணி இல்லை என்பதுதான் அது சொல்லும் காரணம். அடுத்த வசனம் அதை விளக்குகிறது: அவனுடைய ஆவி பிரியும், அவன் மண்ணுக்குத் திரும்புவான், அந்நாளிலேயே அவனுடைய யோசனைகள் அழிந்துபோகும். மிக நேர்மையான தலைவருக்கும் இது பொருந்தும். ஏழாம் வசனத்திலிருந்து கர்த்தர் செய்கிறவை வரிசையாக வருகின்றன: ஒடுக்கப்பட்டவர்களுக்கு நியாயம் செய்கிறார், பசியாயிருக்கிறவர்களுக்கு ஆகாரம் கொடுக்கிறார், கட்டுண்டவர்களை விடுதலையாக்குகிறார், பரதேசிகளைக் காப்பாற்றுகிறார், திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஆதரிக்கிறார். இவற்றை ஒரு தாளில் இடப்பக்கம் எழுதி, உங்கள் தலைவரிடம் நீங்கள் எதிர்பார்ப்பவற்றை வலப்பக்கம் எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் இடங்களில், அந்தத் தலைவரை தேவன் பயன்படுத்தக்கூடிய ஒரு கருவியாகப் பார்க்கிறீர்களா, அல்லது அவர் இல்லாவிட்டால் தேவனாலும் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறீர்களா என்பதை உண்மையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே வாரத்தில் 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்தையும் வாசிப்பது நல்லது. இஸ்ரவேலை நியாயம் விசாரித்துவந்த தீர்க்கதரிசி சாமுவேலிடம் ராஜா வேண்டும் என்று கேட்ட மூப்பர்களின் மனக்குறை நியாயமானது. சாமுவேலின் குமாரர் பரிதானம் (லஞ்சம்) வாங்கி நியாயத்தைப் புரட்டியவர்கள். ஆனால் அவர்கள் தேடிய தீர்வு, தங்கள் யுத்தங்களைத் தங்களுக்காக நடத்த ஒரு மனிதன் என்பதாக இருந்தது. "என்னைத்தான் தள்ளினார்கள்" என்று கர்த்தர் சொன்னது அதனால்தான். ஊழலைக் கண்டு நாம் கொதிப்பது சரியே. அந்தக் கொதிப்பு நம்மை யாருடைய காலடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஜெபம். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கும்படி 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரம் கட்டளையிட்டபோது, ஆட்சியில் இருந்தவன் கிறிஸ்துவை அறியாத ரோமப் பேரரசன். ஆகவே நீங்கள் விரும்பும் தலைவருக்காகவும் விரும்பாத தலைவருக்காகவும் பெயர்சொல்லி ஜெபியுங்கள். விரும்பாதவருக்கு நன்மையைக் கேளுங்கள்; விரும்புகிறவருக்காக மனந்திரும்புதலையும் கேளுங்கள். இரண்டாவதே கடினம் என்பது என் அனுபவம், ஏனெனில் அவருடைய தவறுகளை நாம் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாவீது ராஜாவை நேசித்த தேவன்தான், அவன் பாவம் செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசியை அவனிடம் அனுப்பி, குற்றவாளி "நீயே அந்த மனுஷன்" என்று சொல்லவைத்தார்.

சபையில் இன்னும் கூடுதலான கவனம் தேவை. ஜெர்மனியில் நாசி ஆட்சிக்கு ஏற்றபடி திருச்சபையை வளைக்க ஒரு கூட்டத்தார் முயன்றபோது, 1934 மே மாதம் பார்மெனில் கூடிய திருச்சபைப் பிரதிநிதிகள், வேதாகமம் சாட்சியிடும் இயேசு கிறிஸ்துவே நாம் கேட்டு, நம்பி, கீழ்ப்படிய வேண்டிய தேவனுடைய ஒரே வார்த்தை என்று அறிக்கையிட்டார்கள். பிரசங்கத்தில் ஒரு தலைவரின் பெயர் கிறிஸ்துவின் பெயருக்கு இணையாக ஒலிக்கத் தொடங்கினால், ஆராதனை முடிந்ததும் போதகரைத் தனியே சந்தித்து மரியாதையுடன் சொல்லுங்கள்.

இவை எதுவும் பொதுவாழ்விலிருந்து ஒதுங்குவதற்கான காரணம் ஆகாது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களிடமே அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி எரேமியா தீர்க்கதரிசி எழுதினான். நீங்களும் வாக்களியுங்கள், கேள்வி கேளுங்கள்.

முடிவு அறிவிக்கப்படும் நாளுக்கு முன்பாகவே ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். அன்று மாலை கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, வீட்டாருடன் ஏசாயா 6ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை வாசியுங்கள். எருசலேமில் 52 வருஷம் அரசாண்ட உசியா மரணமடைந்த வருஷத்தில், ஆண்டவர் உயரமும் உன்னதமுமான சிங்காசனத்தின்மேல் வீற்றிருக்க ஏசாயா கண்டான். வாசித்தபின், வென்றவர் யாராக இருந்தாலும் அவருடைய பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு, மறுநாள் காலையில் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு விதவையின் வீட்டையோ நோயாளியின் வீட்டையோ அப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.