அக்கா பிறந்த அன்றே செய்த கீபோர்டு: தேடிப் பிடிப்பது எப்படி

பழைய ஐபிஎம் மாடல் எம் கீபோர்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு லேபிள் இருக்கும். அதில் மாடல் எண், வரிசை எண்ணோடு அது தயாரான தேதியும் இருக்கும், வருடம் மட்டுமல்ல, நாளே. அதைப் பார்த்த அன்றுதான் என் அக்கா பிறந்த 1988 பிப்ரவரி 10 அன்று செய்த ஒன்றைத் தேட ஆரம்பித்தேன். கிடைக்க இரண்டு வருடம் ஆனது.

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். இவை 1985 வாக்கில் வர ஆரம்பித்தன. இவற்றைச் செய்த அமெரிக்காவின் லெக்சிங்டன் ஆலையை 1991இல் லெக்ஸ்மார்க் நிறுவனம் ஏற்றுக்கொண்டு 1996 வரை செய்தது. உங்கள் தேதி 1985க்கு முந்தையது என்றால் நாளும் மாதமும் பொருந்தினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிள்ளைகளின் பிறந்த நாளோ கல்யாண நாளோ தேடலாம்.

அப்புறம் ஈபே போன்ற இடங்களில் 1391401 என்ற எண்ணைப் போட்டுத் தேடுங்கள், அமெரிக்க விசையமைப்பில் அதிகம் கிடைப்பது அதுதான். விற்பவர் லேபிள் படம் போடவில்லையா, கேளுங்கள், அதுவும் நேராக, வெளிச்சத்தில் எடுத்த படமாக. மங்கலான படத்தில் 10 என்று படித்து நான் வாங்கிய முதல் கீபோர்டு வீட்டுக்கு வந்தபோது 16 ஆக இருந்தது, ஆறின் மேல் இருந்த ஒரு அழுக்குக் கீற்றுதான் அதைப் பூஜ்யமாகக் காட்டியது. தேதி எண்களாகவே இருந்தால் எது நாள், எது மாதம் என்றும் பாருங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது இன்னொன்று: ஆட்டினால் உள்ளே ஏதாவது உருளும் சத்தம் வருகிறதா? உள்ளே இரும்புத் தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் வயதாகி உடைந்து விழும். ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை, நிறையப் போயிருந்தால் ஒவ்வொன்றுக்கும் துளை போட்டுச் சின்ன போல்ட் மாட்ட வேண்டும், முதல் கீபோர்டிலேயே அந்த வேலை வேண்டாம்.

கையில் வந்ததும் விசைமூடிகளைக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். லேபிள் பக்கம் மட்டும் ஈரத் துணி போகவே கூடாது, செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள், பிரிக்கும்போது தேதியும் சேர்ந்து வந்துவிடும். திரும்பப் பொருத்தும்போது ஸ்பேஸ்பார் மேலே வரும்படி கீபோர்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மூடிகளைப் போடுங்கள். அழுத்தினால் ‘டக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் சுருள்வில் சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி போடுங்கள்.

இப்போதைய கணினியில் இணைக்க, பிஎஸ்2 (பழைய கணினிகளின் வட்டமான கீபோர்டு இணைப்பு) சிக்னலை யுஎஸ்பிக்கு மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டரே வேண்டும். வெறும் பிளக்கை மட்டும் மாற்றும் மலிவான அடாப்டர் வேலை செய்யாது.

எல்லாம் முடிந்து அக்காவிடம் கொடுத்தபோது அவள் தட்டிப் பார்க்கவே இல்லை. திருப்பி வைத்து, அந்தத் தேதியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.