கொரியக் கட்டடத்தை எங்கிருந்து பார்ப்பது?

சியோலுக்குச் செல்பவர்களில் பலர் அரண்மனை வாசலில் நின்று கூரையைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொரிய மரபுக் கட்டடங்களோ, உள்ளே தரையில் அமர்ந்து வெளியே பார்ப்பதற்கென்றே பெரிதும் அமைக்கப்பட்டவை. எனவே அவற்றைப் பார்க்கும் முறையையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் நிலத்தைக் கவனியுங்கள். பின்னே மலை, முன்னே நீர் என்பதே அங்கு மனையிடம் தேர்வதற்கான பழைய விதி. 1395இல் எழுந்த கியோங்பொக்குங் அரண்மனை, புகாக் மலையின் அடிவாரத்தில் நேர்கோட்டு ஒழுங்கில் அமைந்தது. 1405இல் கட்டப்பட்ட சாங்தொக்குங் அரண்மனையிலோ வாயில்களும் மண்டபங்களும் நிலத்தின் போக்குக்கு ஏற்பத் திரும்பித் திரும்பிச் செல்கின்றன. ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்துத் தூணின் அடிப்பகுதிக்குக் குனியுங்கள். அரண்மனைகளில் செதுக்கிய கற்களே மிகுதி என்பதால், இதற்குக் கோயில்களும் பழைய வீடுகளுமே ஏற்ற இடங்கள். அங்கே கரடுமுரடான கல்லைச் சமப்படுத்தாமல் அப்படியே பதித்து, அதன் மேடுபள்ளங்களுக்கு ஏற்பத் தூணின் அடியைத் தச்சர் செதுக்கிப் பொருத்தியிருப்பார். ஹ்வாவொம்சா கோயிலைச் சேர்ந்த குச்சுங்காம் துறவியர் இல்லத்தில், முடிச்சும் கிளைத்தடமும் நீங்காத சீமை மாதுளை மரங்களே தூண்களாக நிற்கின்றன.

பிறகு இறவாரத்தை அண்ணாந்து பாருங்கள். சியோலில் கோடை உச்சியின் நண்பகல் சூரியன் ஏறக்குறைய 76 பாகை உயரத்திலும், குளிர்கால உச்சியில் 29 பாகை அளவிலும் நிற்கும். நீண்டு இறங்கும் கூரை முன்னதைத் தடுத்து, பின்னதை அறைக்குள் விடுகிறது. முன்முற்றத்தில் மரம் வைக்காமல் வெறும் மணலாக விடுவதற்கும் காரணம் உண்டு: வெயிலில் முற்றம் சூடாகிக் காற்று மேலெழ, நிழலான பின்கட்டின் குளிர்ந்த காற்று மரத்தள மண்டபத்தின் வழியே முன்னோக்கி வரும். குளிர்காலத்துக்கு வேறு ஏற்பாடு. அடுப்பின் வெப்பப்புகை தரைக்கற்களின் அடியில் ஓடி அறையைச் சூடாக்குகிறது, இதுவே ஒண்டோல். திறந்த மண்டபமும் மூடிய சூட்டறையும் ஒரே கூரையின்கீழ் அருகருகே இருப்பது, கடுங்குளிரும் புழுக்கமும் மாறிமாறி வரும் நாட்டுக்கு மிகப் பொருத்தமான விடை என்பது என் கருத்து.

இப்போது உட்காருங்கள். ஆண்டோங் நகருக்கு அருகிலுள்ள பியோங்சான் கல்விக்கூடத்தைப் போல இதற்கு ஏற்ற இடம் அரிது. அதன் விரிவுரை மண்டபத்துத் தரையில் அமர்ந்தால், எதிரே சுவரற்ற மாந்தேரு மண்டபத்தின் ஏழு தூண் இடைவெளிகளில் நாக்தோங் ஆறும் எதிர்க்கரை மலையும் ஏழு துண்டுகளாகத் தெரியும். நின்று பார்த்தால் காட்சியின் அளவே மாறிவிடும். அமர்ந்த கண்ணின் உயரமே அங்கு கணக்கு.

நவீனக் கட்டடங்களிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தோமினிக் பெரோ வடிவமைத்து 2008இல் திறக்கப்பட்ட ஈஹ்வா பெண்கள் பல்கலைக்கழக வளாகம், நிலத்தைப் பள்ளத்தாக்குபோல் பிளந்து அதன் இருபுறமும் அறைகளை இறக்கி, மேலே தோட்டத்தை விரித்திருக்கிறது. ஹான் ஆற்றிலுள்ள சொன்யூதோ பூங்கா எனக்கு இன்னும் நெருக்கமானது: 1978இல் கட்டப்பட்ட நீர் சுத்திகரிப்பு நிலையத்தை முழுதும் இடித்தகற்றாமல், எஞ்சிய கான்கிரீட் தூண்களில் கொடிகளைப் படரவிட்டு 2002இல் பூங்காவாக்கினார்கள். வளைந்து நெளியும் தோங்தேமுன் வடிவமைப்பு மையம் எத்துணை அழகாயினும், அந்த வளைவுகள் மலைக்கோ ஆற்றுக்கோ மறுமொழி சொல்வதாக எனக்குப் படவில்லை.

கியோங்பொக்குங்குக்குச் செவ்வாயும் சாங்தொக்குங்குக்குத் திங்களும் வழக்கமான விடுமுறை நாட்கள். சாங்தொக்குங்கின் பின்தோட்டத்துக்குத் தனி நுழைவுச்சீட்டு வேண்டும்; இலையுதிர் காலத்தில் அது விரைவில் தீர்ந்துவிடுவதால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.