பிள்ளை பெற்ற பெண்ணிடம் மனதைப் பற்றிக் கேட்கும்போது செய்யும் தவறுகள்

நம் நாட்டில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கணக்கு 22 சதவீதம். பலருக்கு இது கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வை அறிய 1987இல் வெளியான எடின்பரோ கேள்வித்தாளில் மொத்தமே பத்துக் கேள்விகள். தமிழிலும் இருக்கிறது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் கேட்கிற விதம் தவறினால் அந்தப் பத்துக் கேள்வியும் வீண்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஆட்களைச் சுற்றி வைத்துக்கொண்டு கேட்பது. செவிலியர் வந்தால் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) உட்காரவைத்துக் காபி கொடுக்கிறோம். பெண்ணைக் கூப்பிடுகிறோம். பக்கத்தில் மாமியார், நாத்தனார், தாய் வீடாக இருந்தால் ஆத்தா, ஆயா (அம்மா, பாட்டி) என்று ஒரு கூட்டம். “மனசுக்கு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டால், அவள் வாய் திறப்பதற்குள் “அவளுக்கென்ன, ஒரு குறையும் இல்லாமப் பார்த்துக்கிறோம்” என்று பதில் வந்துவிடுகிறது. அதற்கு மேல் அவள் எதைச் சொல்வாள்? பொம்பளைப் பிள்ளை பிறந்ததற்கு வீட்டில் விழும் பேச்சோ, கணவனின் அடியோதான் அவள் துயரத்துக்குக் காரணம் என்றால், அதை அவர்கள் முன்னால் எப்படிச் சொல்ல முடியும்? யாரோடும் கலந்து பேசாமல் அவளாகவே பதில் தர வேண்டும் என்பது அந்தக் கேள்வித்தாளின் விதி. வீட்டில் கட்டுக்குக் கட்டு அறை இருக்கிற ஊர் நம் செட்டிநாடு. “ஆச்சி, புள்ளையக் கொஞ்சம் வச்சுக்கங்க, பிரஷர் பார்த்துட்டு வந்துடறோம்” என்று சொல்லி உள்ளே அழைத்துப் போய்விடலாம். கணவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த போனும் வெளியே இருக்கட்டும்.

அடுத்தது, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பது. இங்கே தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். தேவகோட்டையில் பதிவு செய்த பெண் வளைகாப்பு முடிந்து கோட்டையூருக்குப் போகிறாள், அங்கே பிரசவம் ஆகிறது, சில மாதம் கழித்துத் திரும்புகிறாள். அந்த ஊர்ச் செவிலியர் கேட்டிருப்பார் என்று இவரும், இந்த ஊர்ச் செவிலியர் கேட்டிருப்பார் என்று அவரும் விட்டுவிட, யாருமே கேட்காமல் போய்விடுகிறது. தாய் வீட்டில் சமாளித்துக்கொண்டிருந்த பெண் புகுந்த வீடு திரும்பிய பிறகு உடைந்துபோகவும் கூடும். கர்ப்பத்தின் முதல் பரிசோதனையில் ஒரு தடவை, பிற்பகுதியில் ஒரு தடவை, பிரசவத்துக்குப் பிறகும் கேட்க வேண்டும் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் 2023 வழிகாட்டி. நமக்குத் தடுப்பூசி நாட்களே தோதானவை. 6, 10, 14வது வாரங்களிலும் ஒன்பதாம் மாதத்திலும் எப்படியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். கேட்ட தேதியைத் தாய் சேய் நல அட்டையில் குறித்துவைத்தால் அடுத்த ஊர்ச் செவிலியருக்கு உதவும். கேள்வித்தாளில் வந்த மதிப்பெண்ணை மட்டும் அதில் எழுத வேண்டாம். அந்த அட்டையை வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள்.

கேள்வியைச் சுருக்கிக் கேட்பதும் தவறு. “சரியா தூங்குறியா?” என்றால், கைக்குழந்தைக்காரி எவளும் இல்லை என்றுதான் சொல்வாள். மனவருத்தத்தால் தூங்க முடியாமல் இருந்ததா என்பதுதான் கேள்வி. பிள்ளை தூங்கும் நேரத்திலும் இவளுக்குக் கண் மூட முடியவில்லையா என்று பார்க்க வேண்டும். கடந்த ஏழு நாளைப் பற்றித்தான் கேட்கிறோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுவது பெரும்பாலான பெண்களுக்கு வருவதுதான், தானாகவே அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது வேறு. அப்போதும் “எல்லாரும் பெத்தவங்கதான்” என்று தள்ளிவிடக் கூடாது.

பத்தாவது கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தை மூட்டிவிடுவோமோ என்று பயந்து பலர் தாண்டிவிடுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஏற்கெனவே இருந்தால், சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மொத்தம் 30க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள், 10 முதலே கவனிப்பவர்களும் உண்டு. ஆனால் எண்ணே நோய் ஆகிவிடாது. மருத்துவர் பேசிப் பார்க்க வேண்டும், ரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண் குறைவாக வந்தும் பெண்ணின் முகம் சரியில்லை என்றால் முகத்தை நம்புங்கள். எண்ணைக் குறித்துக் கோப்பில் வைத்துவிட்டு அப்படியே விடுவதுதான் எனக்கு மிகவும் வலிப்பது. நம்பிச் சொன்னவளை அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், அடுத்த முறை எதற்குச் சொல்வாள்? கேட்கத் தொடங்குமுன் எங்கே அனுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022இல் தொடங்கிய அரசு மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

மாத்திரை என்றதும் தாய்ப்பாலை நிறுத்துவதும், தாய்ப்பாலுக்காக மாத்திரையை நிறுத்துவதும் வேண்டாம். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைப் பாலூட்டும்போதும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். வலிப்புக்கும் மனநோய்க்கும் தரும் சோடியம் வால்புரோயேட் போலக் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று, பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்). அது அரிது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். தூக்கமே இல்லாமல் போவது, இல்லாத குரல் கேட்பது, சம்பந்தமில்லாத பேச்சு, பிள்ளையைப் பற்றி விபரீத நம்பிக்கை. பேய், தோஷம் என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நாளைக் கடத்தக் கூடாது, கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு உட்காரவும் கூடாது. தாயையும் பிள்ளையையும் தனியாக விடாமல், 108ஐக் கூப்பிட்டு அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மனநல சிகிச்சைக்குச் சேர்ந்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று வீட்டார் தயங்குவார்கள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றுதான் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. தாயின் நோயால் பிள்ளைக்கு ஆபத்து வரும் என்றோ, பிள்ளையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் அது தேவை என்றோ மனநல மருத்துவர் கருதினால் மட்டுமே கொஞ்ச காலம் பிரித்து வைப்பார்கள்.