மார்பக மீளமைப்புக்குப் பிறகு வீட்டில் விடும் பிழைகள்

புற்றுநோய்க்காக எடுத்த மார்பகத்தைத் திரும்ப உருவாக்கும் சத்திரசிகிச்சைதான் மார்பக மீளமைப்பு. புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழைக்கும் மகரகமவுக்கும் போய்வரும் வன்னிப் பெண்களுக்குத் தூரம்தான் பெரிய தலையிடி. "இதுக்குப் போய் அவ்வளவு தூரம் போறதோ, அடுத்த கிளினிக்கில காட்டுவம்" என்று தள்ளிப்போடுவதைத்தான் நான் முதல் பிழையாகச் சொல்வேன். காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவுதல், சீழ், 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல், திடீர் வீக்கம், தோல் நீலம் பாய்தல் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே கிளிநொச்சியோ வவுனியாவோ, கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலோ இரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காய்ச்சலை அளந்து பார்க்காமல் பனடோல் போட்டால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமி அப்படியே இருக்கும்.

அடுத்தது ஒத்தடம். சத்திரசிகிச்சையில் நரம்புகள் வெட்டுப்படுவதால் அந்த இடம் மாதக்கணக்கில் மரத்திருக்கும், சிலருக்கு உணர்வு திரும்பாமலே போகும். நொச்சி ஒத்தடமோ சுடுதண்ணிப் போத்தலோ வைத்தால் சுடுவதே தெரியாது. தோல் வெந்த பிறகுதான் கண்ணில் படும். அம்மம்மா அன்போடுதான் வைப்பா, ஆனாலும் வேண்டாம். ஐஸும் அப்படித்தான். வெற்றிலையோடு போடும் புகையிலையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதிலும் நிக்கொட்டின் இருக்கிறது. அது சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், காயம் ஆறாது, தோல் கருகவும் கூடும்.

காயத்துக்குள் சேரும் நீரை வெளியே எடுக்கும் வடிகுழாயோடு வீட்டுக்கு விட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் வடியும் அளவை எழுதி வையுங்கள். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிலீட்டருக்குக் கீழே வந்த பிறகே பொதுவாகக் குழாயை எடுப்பார்கள். திடீரென ஒன்றும் வடியவில்லை என்றால் "சரி, நின்றுவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள், குழாய் அடைபட்டிருக்கலாம்.

கிணற்றில் தண்ணி அள்ளுவது, விறகு தூக்குவது, கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிள் எல்லாம் பொதுவாக நாலு தொடக்கம் ஆறு கிழமைக்கு ஆகாது. வயிற்றுத் தசையை எடுத்து மார்பகத்தை உருவாக்கியிருந்தால் இன்னும் கூடலாம். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். சொல்லித் தந்த பயிற்சியைச் செய்யத்தான் வேண்டும்.

கிரந்தி என்று முட்டையையும் மீனையும் நிறுத்தாதீர்கள், காயம் ஆறப் புரதம் வேண்டும்.

சில மாதம் கழித்துக் கல்லுப் போல ஒரு கட்டி தட்டுப்படலாம். இரத்த ஓட்டம் குறைந்த கொழுப்பு இறுகிப்போனதாகவும் இருக்கும், நோய் திரும்பியதாகவும் இருக்கும். தடவிப் பார்த்து முடிவு கட்டாமல் ஸ்கான் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.