மொழித்திறன் பிறவியிலேயே உண்டென்றால் தமிழ் தானாக வந்துவிடுமா?

"தமிழ் நம் இரத்தத்திலேயே ஊறியது, பிள்ளைக்குத் தானாக வந்துவிடும்" என்று மலேசியாவின் பினாங்கில் பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். இதற்குத் துணையாக மொழியியல் அறிஞர் நோம் சோம்ஸ்கியின் பெயரையும் சிலர் இழுப்பார்கள். அவர் சொன்னது அதுவல்ல. மனிதக் குழந்தை எந்த மொழியையும் பற்றிக்கொள்ளும் இலக்கண ஆற்றலோடு பிறக்கிறது என்பதே அவர் கொள்கை. பட்டர்வொர்த்தில் பிறந்த தமிழ்க் குழந்தை ஹொக்கியன் என்ற சீனமொழி மட்டுமே பேசும் வீட்டில் வளர்ந்தால் ஹொக்கியன்தான் பேசும். வீட்டில் ஒரு வார்த்தை தமிழ் பேசாமல், ஏழு வயதில் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் போதும் என்று இருப்பதுதான் தவறுகளிலேயே பெரியது. அந்த ஏழு ஆண்டுகள் மொழி பிடிக்கும் பொன்னான காலம்.

பிறவி ஆற்றல் இருக்கிறது, ஆனால் அது தனியே முளைக்காது. இரண்டுக்கும் சான்று பினாங்கிலேயே உண்டு. 1954-இல் இங்கே காது கேளாதோர் பள்ளி தொடங்கியது. அக்காலத்தில் வகுப்பில் வாய்ப்பேச்சுக்குத்தான் முதலிடம். வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு சைகைமொழியையே உருவாக்கிக்கொண்டார்கள். பினாங்கு சைகைமொழி என்று இன்று அதற்குப் பெயர். நிகராகுவாவிலும் 1970களின் இறுதியில், வீடுகளில் தனித்தனியாக இருந்த காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் ஒன்றுசேர்ந்த பிறகே புதிய சைகைமொழி பிறந்தது. பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள்தான் அதன் இலக்கணத்தைச் செறிவாக்கினார்கள். கூட்டம் இல்லாதவரை முழுமையான மொழி பிறக்கவில்லை.

இங்கே பேசப்படும் இலக்கணத்தைப் பள்ளிப் பாடமாக நினைத்துவிடக் கூடாது. "அக்கா, தம்பி வாங்கிய மீனைப் பொரித்தாள்." "தம்பி வாங்கிய மீனை அக்கா பொரித்தாள்." அக்காவும் தம்பியும் இடம் மாறினாலும் வினைமுற்று அக்காவைவிட்டு நகரவில்லை. முதலில் வரும் பெயரைப் பார், அருகில் இருக்கும் பெயரைப் பார் என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. வாக்கியத்துக்குள் வாக்கியம் அடங்கியிருப்பதை உணர்ந்தால்தான் சரியாக வரும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டியும் இதில் தடுமாறுவதில்லை. அவருக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? சோம்ஸ்கி கொள்கையின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பேன்.

"பாசாருக்குப் போயி மீ தாப்பாவ் பண்ணிட்டு வா" (சந்தைக்குப் போய் நூடுல்ஸ் பொட்டலம் கட்டி வாங்கி வா) என்று பேசும் பிள்ளைக்கு இலக்கணம் கெட்டுவிட்டது என்று திட்டுவதும் வேண்டாம். மலாய், சீனச் சொற்கள் வந்து கலந்தாலும் வேற்றுமை உருபு, வினையெச்சம், கடைசியில் வரும் வினைமுற்று எல்லாம் தமிழ்தான்.

கொள்கையை முடிந்த முடிவாகச் சொல்வதும் தவறு. 1959-இல், மொழி பழக்கத்தால் வருவது என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் நூலுக்கு சோம்ஸ்கி எழுதிய கடுமையான மதிப்புரைக்குப் பிறகு இந்தக் கருத்து வேகமாகப் பரவியது. ஆனால் 1996-இல் உளவியலாளர் சாஃப்ரனும் உடன் ஆய்வாளர்களும், எட்டு மாதக் குழந்தைகள் எந்த அசைக்குப் பின் எந்த அசை வருகிறது என்ற போக்கைக் கொண்டே சொற்களைப் பிரித்தறிவதைக் காட்டினார்கள். பொதுவான கற்கும் திறனே போதும் என்று உளவியலாளர் மைக்கேல் டொமசெல்லோ போன்றோர் வாதிடுகிறார்கள். விவாதம் இன்னும் தீரவில்லை. 2001-இல் பேச்சுக் குறைபாட்டோடு தொடர்புபடுத்தப்பட்ட ஃபாக்ஸ்பி2 மரபணுவை "இலக்கண மரபணு" என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். அந்த மரபணு எலிக்கும் பறவைக்கும்கூட இருக்கிறது.