மெத்தைக்கு அடியில் மீட்பு விரிப்பு: போடுவதும் இழுப்பதும்

படுத்த படுக்கையாக இருப்பவரைத் தீ விபத்தின்போது தூக்கிக்கொண்டு ஓட முடியாது, மெத்தையோடு இழுக்கலாம். அதற்கென உள்ள, அடிப்பக்கம் வழுக்கும் மீட்பு விரிப்பை முன்கூட்டியே மெத்தைக்கு அடியில் போட்டுவைக்க வேண்டும். வழுக்கும் பக்கம் கீழே, பாதங்களை நுழைக்கும் பை கால்மாட்டில். விரிப்பின் மூலை எலாஸ்டிக்கை மெத்தையில் மாட்டுங்கள், கட்டில் சட்டத்தில் அல்ல. சட்டத்தில் மாட்டிவிட்டால் அவசரத்தில் மெத்தை நகரவே நகராது. மெத்தை மாற்றும் நாளில் இந்தத் தவறு நடக்கலாம். ஆளைக் கட்டவும் இழுக்கவும் விரிப்பில் உள்ள பட்டைகளைச் சுருட்டி உள்ளே செருகுங்கள். தொங்கினால் சக்கரத்தில் சிக்கும்.

இழுக்க இரண்டு பேர் வேண்டும். கட்டிலின் பிரேக்கைப் போட்டு, முதுகுப் பகுதியைச் சமமாக்கி, கட்டிலை முடிந்தவரை கீழே இறக்குங்கள். மின்சாரக் கட்டில் என்றால் மின்சாரம் போகும் முன்பே இதை முடிப்பது நல்லது. சிறுநீர்க் குழாயோடு இணைந்த பை இருந்தால், அதைக் கால்களுக்கிடையில் வையுங்கள். கைகள் உள்ளே இருக்கட்டும். பட்டைகளை மாட்டி இறுக்குங்கள், மூச்சு முட்டாத அளவுக்கு.

முதலில் கால் பக்கம் தரைக்கு. தலைப் பக்கத்தை மற்றவர் தாங்கி மெல்ல இறக்க வேண்டும். 'தொப்'பென்று விட்டால் கழுத்துக்கு ஆபத்து. மாடிப்படியிலும் கால் முன்னே. வேகத்தைக் கட்டுப்படுத்துபவர் மேலே, தலைமாட்டில் நிற்பவர்தான். ஆகவே பலசாலி அங்கே நிற்கட்டும். லிஃப்ட் வேண்டாம்.

விரிப்பு இல்லாத வீட்டில் கெட்டியான ஜமக்காளம் சமதளத்துக்கு உதவும். படியில் அதை நம்பாதீர்கள்.