மதுரை மாடியில் சூரியனை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூரியனின் உயரத்தை அளந்து தாம் இருக்கும் இடத்தைக் கணக்கிட, செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியோடு மாடிக்கு வருகிற புதியவர்களைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள்தான் கண்ணில் படுகின்றன. கால்குலேட்டர் பாகைக்குப் பதில் ரேடியனில் கிடந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும்.

சைனை நம்பித் திசை காண்பது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வானில் துருவம், தலைக்கு நேர்மேலான உச்சி, சூரியன் மூன்றையும் இணைக்கும் கோள முக்கோணத்தில் சூரியனின் திசையை (வடக்கிலிருந்து எண்ணும் பாகை) காண சைன் விதிதான் குறுக்குவழி. ஆனால் 73 பாகைக்கும் 107 பாகைக்கும் சைன் ஒன்றே. கால்குலேட்டர் சிறியதை மட்டும் காட்டும்.

செப்டம்பர் 23, சூரிய மணி காலை பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையின் அட்சரேகை 9 பாகை 55 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). சூரியன் நிலநடுக்கோட்டின் மேல். ஏற்றக்கோணம், அதாவது தொடுவானத்திலிருந்து சூரியனின் உயரம், 58.5 பாகை வரும். சைன் விதி தரும் திசை 73.4, உண்மையான திசை 106.6. லண்டனில் இதே கணக்கு 36 என்று காட்டும். காலைச் சூரியன் வடகிழக்கிலா என்று யாரும் உடனே சந்தேகப்படுவார்கள். நம் ஊரிலோ சூரியன் கிழக்கை ஒட்டியே ஏறுவதால் இரண்டு விடையும் நியாயமாகத் தோன்றும். ஆபத்து அங்கேதான்.

திசை 33 பாகை பிசகினால் அதற்குச் செங்குத்தாக வரையும் நிலைக்கோடும் (நாம் நிற்கும் இடம் இதன்மேல் எங்கோ இருக்கும்) அவ்வளவே சாயும். காலைக் கோடும் மாலைக் கோடும் வெட்டுகிற இடம் ஊரைவிட்டே போய்விடும். ஒரு கல்லூரி மாணவர் கருவியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, கண்ணாடித் திருகுகளை வாரக்கணக்கில் திருப்பிக்கொண்டிருந்தார். அளவுகள் அத்தனையும் சுத்தம்! தரையில் ஒரு பென்சிலை நிறுத்தச் சொன்னேன். நிழல் மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்திருந்தது. அவர் கணக்குப்படி தெற்கே சாய்ந்திருக்க வேண்டும்.

கொசைன் விதியைப் பயன்படுத்துங்கள். 0 முதல் 180 வரை ஐயமின்றி விடை தரும். பிற்பகல் என்றால் 360-இலிருந்து கழியுங்கள். பென்சில் நிழலையும் ஒருமுறை பாருங்கள்.

இந்திய நேரத்தை அப்படியே போடுவது

சூரியன் இருக்கும் இடத்தைத் தரும் அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருப்பதால் 5 மணி 30 நிமிடம் கழியுங்கள். கடிகாரம் 4 விநாடி பிசகினால் தீர்க்கரேகை 1 கலை நகரும். இங்கே அது 1.8 கிலோமீட்டர்.

எண்ணெய்த் தட்டுக் கணக்கு

மாடியில் கடல் தொடுவானம் இல்லாததால், வானத்துச் சூரியனுக்கும் எண்ணெய்த் தட்டில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் இடையே அளக்கிறோம். அது ஏற்றக்கோணத்தின் இருமடங்கு. முதலில் கருவிப்பிழையைத் திருத்துங்கள், பிறகு பாதியாக்குங்கள். தொடுவானத் தாழ்வை (உயரத்தில் நிற்பதால் கடல் தொடுவானம் தாழ்ந்து தெரியும் அளவு) கழிக்கவே கூடாது.

கறுப்புக் கண்ணாடி

இரண்டு பிம்பத்துக்கும் போடுங்கள். எண்ணெயில் தெரியும் சூரியனும் கண்ணைக் கெடுக்கும்.

உச்சிவேளைக்காகக் காத்திருப்பது

பாடநூல்கள் நடுப்பகல் அளவைப் புகழ்கின்றன. மதுரையில் பிப்ரவரி இரண்டாம் வாரம் முதல் நவம்பர் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் 65 பாகைக்கு மேல் நிற்கிறது. தட்டில் அது இரட்டித்து 130-ஐத் தாண்டும். பெரும்பாலான செக்ஸ்டன்ட்களின் அளவுவில் (பாகைகள் குறித்த வளைவு) அதற்கு முன்பே முடிந்துவிடும். ஒன்பது மணிக்கும் மூன்றரை மணிக்கும் அளவெடுங்கள். நடுப்பகலை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.